எண்பத்து நான்கு கிலோ

தராசுக்காரருக்கு நடப்பதென்றால் வேப்பங்காய். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே மொத்தம் இரண்டு தெரு, அதற்கும் ஸ்கூட்டர்தான். கடையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். திருப்புளி, அரம், எண்ணெய்க் குப்பி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எட்டாததைத் தங்கை எடுத்துக் கொடுப்பாள். நாற்பத்தெட்டு வயதில் நூற்று மூன்று கிலோ இருந்தார். மளிகைக் கடை, கறிக்கடை, பழைய பேப்பர் கடை என்று ஊரில் உள்ள தராசையெல்லாம் சரிபார்த்துக் கொடுக்கிற மனுஷன் தன் எடையைப் பார்த்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. பார்த்து என்ன ஆகப்போகிறது என்பார். தெருவே அவரைத் 'தராசு' என்றுதான் கூப்பிடும். எதிர்க்கடைத் தையல்காரர் மட்டும், "அது தராசு இல்லப்பா, எடைக்கல்லு" என்பார். அதற்கும் சிரித்துவிடுவார். கோபப்பட்டால் எழுந்திருக்க வேண்டுமே.

தங்கைக்கு நாற்பத்தொன்று. ஏழு வயது இளையவள் என்பதால் நரை விழுந்த பிறகும் அவருக்குப் பாப்பாதான். கல்யாணமான மூன்றாம் வருடம் அவள் புருஷன் வெளிநாட்டு வேலைக்கென்று போனான். போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் மைக்குக் கேடு. ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணி பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். மறுநாளே கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அது ஆயிற்று பதினாறு வருடம்.

அந்தக் கடையில் வேலைக்கு ஒரு முறை உண்டு. அண்ணன் தராசைப் பிரித்துத் துடைத்து, முத்திரை குத்திய சோதனைக் கற்களை ஏற்றிச் சரிபார்ப்பார். சரியானதும் தங்கை அதன் திருகில் மெல்லிய கம்பி ஒன்றைக் கோத்து முறுக்கி, முனையில் ஈய வில்லையை மாட்டிக் குறடால் ஓர் அழுத்து அழுத்துவாள். அதுதான் சீல். சீல் விழுந்த தராசை ஒரு வருடத்துக்கு யாரும் திறக்கக் கூடாது, அவர் உட்பட. சந்தேகம் வந்தால் முதலில் சீலைப் பார். சீல் முழுசாக இருந்தால் தராசைக் குறை சொல்லாதே. வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் அவர் இந்தச் சட்டத்திலிருந்து இம்மி நகர மாட்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தங்கைக்குக் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது, வாயில் எது வைத்தாலும் குமட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் அண்ணியோடு போனால் சாயங்காலம் துவைத்துப் பிழிந்த துணியாகத் திரும்புவாள். ஆறு மாதம் இப்படி ஓடிய பிறகு, மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் உண்டு என்று டாக்டரம்மா சொன்னார். தராசுக்காரர் யோசிக்கவே இல்லை.

"என்னோடத எடுத்துக்கங்க" என்றார், ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிற மாதிரி.

ரத்தம் பார்த்தார்கள், சிறுநீர் பார்த்தார்கள், இதயத்தைப் படம் எடுத்தார்கள். எல்லாம் பொருந்தியது. கடைசியில் டாக்டரம்மா காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் சரி. எடைதான் இடிக்குது. எண்பத்து நாலுக்கு வாங்க. அதுக்கு மேல ஒரு கிலோ இருந்தாலும் நான் உங்கள மேசைல படுக்க வெக்க மாட்டேன். தங்கச்சியக் காப்பாத்தப் போய் அண்ணனப் பறிகொடுத்தோம்னு ஆகக் கூடாது."

"எவ்வளவு நாள்ல வரணும் டாக்டர்?"

"அவங்க உடம்பு தாங்குற வரைக்கும் டைம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. அந்தப் பதிலை அவர் வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தார்.

மறுநாளே நடக்க ஆரம்பித்தார் என்று எழுத ஆசைதான். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் செருப்பு கடித்தது. மூன்றாம் நாள் புது ஷூ வாங்கினார். புது ஷூவைப் போட்டுக்கொண்டு ஈரத்தில் நடந்தால் கெட்டுவிடும் என்று நாலாம் நாள் படுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் தங்கை அவர் கட்டிலருகே வந்து நின்றாள். டயாலிசிஸ் கையில் கட்டு. மறு கையில் ஒரு ஷூ.

"அண்ணா, இன்னொண்ணு கட்டிலுக்கு அடில இருக்கு. எனக்குக் குனிய முடியல. நீயே எடுத்துக்க."

எழுந்துவிட்டார். அன்று தெருமுனைவரை போய்த் திரும்பியதற்கே மூச்சு விசில் அடித்தது. தையல்காரர் கடை வாசலில் நின்று கை தட்டினார். ஒரு மாதத்தில் மைதானத்தை மூன்று சுற்று, இரண்டாம் மாதத்தில் ஏழு. டீயில் சர்க்கரை நின்றது. எண்ணெயில் பொரித்தது எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டாள். சட்டத்தை மீறி அவள் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த பொட்டலத்தையும் அவளே ஒருநாள் தூக்கி எறிந்தாள். ஸ்கூட்டர் தூசி படிந்து நின்றது. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டில் பாதி காய், மீதிப் பாதியிலும் பாதி காய். மாடு மேய்கிற மாதிரி மேய்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே தின்றார்.

எடை பார்க்கக் கடையிலிருந்து ஒரு பழைய நிற்கும் தராசைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தார். பழைய மருத்துவமனைகளில் இருக்குமே, கீழே மேடை, நெஞ்சு உயரத்தில் ஒரு தண்டு, அதில் இப்படியும் அப்படியும் நகர்த்துகிற இரும்புக் கட்டி, அந்த வகை. கட்டியின் வயிற்றில் ஒரு சிறு குழி உண்டு. அதில் போடுகிற ஈய மணிகளைக் கூட்டியும் குறைத்தும்தான் தராசைச் சரி செய்வார்கள். அவர் நான்கு இருபது கிலோ கற்களை ஏற்றினார். தண்டு எண்பதில் அசையாமல் நின்றது. தங்கைக்கு அன்று டயாலிசிஸ் நாள். அதனால் குழியின் மூடித் திருகில் கம்பி கோத்து அவரே சீல் போட்டார். கடையில் வேறு எத்தனையோ தராசு இருந்தும் அவற்றில் ஒரு நாளும் ஏறிப் பார்க்கவில்லை. ஒருத்தன் எடையை ஒரே தராசில்தான் பார்க்க வேண்டும், இரண்டில் பார்த்தால் கிடைப்பது எடை இல்லை, குழப்பம் என்பது அவர் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் வயிறு, அதே பழைய அரைக்கால் சட்டை. அவர் ஏறி நின்று கட்டியை நகர்த்துவார், தங்கை கதவின் பின்புறம் சாக்கட்டியால் எண்ணை எழுதுவாள், திங்கட்கிழமை அவர் அதை ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போனில் சொல்வார். மாற்று அறுவை சிகிச்சைக்காரர்களுக்கெல்லாம் தேதி பார்த்துக் கொடுக்கிறவர் அந்த நர்ஸ்தான்.

"வாராவாரம் இவ்ளோ தூரம் எதுக்குங்க வர்றீங்க?" என்று அவரே சொல்லியிருந்தார். "ஊருக்கே எடை பாத்துக் குடுக்கற ஆளு நீங்க. உங்களப் போய் நான் சந்தேகப்படுவேனா? போன்ல சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பத்து வாரத்தில் நூற்று மூன்று தொண்ணூற்றைந்து ஆனது. வீடே தலைகால் புரியாமல் ஆடியது. பதினொன்றாம் வாரமும் தொண்ணூற்றைந்து. பன்னிரண்டாம் வாரமும் அதே. அவர் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டார். மைதானத்தில் இரண்டு சுற்றைக் கூட்டினார். முட்டி வீங்கியது, துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பதின்மூன்றாம் வாரம் தொண்ணூற்றைந்து. உடம்பு சில சமயம் அப்படிச் சண்டித்தனம் செய்யும், பொறுத்திருந்தால் தானே இறங்கும் என்று நர்ஸ் சொன்னார். பொறுத்திருப்பதற்குத் தங்கையிடம் எவ்வளவு நாள் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. பதினான்காம் வாரமும் கட்டி அதே கோட்டில் நின்றபோது அவர் இறங்கவில்லை. அந்த மேடைமேலேயே மடங்கி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என்னால முடியலயே பாப்பா. இந்த உடம்ப வெச்சுக்கிட்டு உனக்கு நான் என்ன பண்ணுவேன்?"

தங்கை சாக்கட்டியோடு கதவருகே நின்றாள். அன்று கதவில் எதுவும் எழுதாமல் உள்ளே போய்விட்டாள். அவரும் மூன்று நாள் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஏறி நின்றார், வேண்டா வெறுப்பாக. தொண்ணூற்று நான்குக்கும் கீழே. கட்டியைத் தட்டிப் பார்த்தார், இறங்கி மறுபடி ஏறினார். அதேதான். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சை பாஸான பையன் கெட்டான். ஷூவை மாட்டிக்கொண்டு அன்றைக்கே மைதானத்துக்குப் போய்ப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

பிறகு எல்லாம் இறங்குமுகம். சில வாரம் அரை கிலோ, சில வாரம் ஒன்று. எங்காவது இரண்டு வாரம் நிற்பது போலிருக்கும். மூன்றாம் வாரம் சடாரென்று இறங்கிவிடும். உண்மையைச் சொன்னால் தொண்ணூறுக்குக் கீழே வந்ததும் அவருக்குக் கொஞ்சம் துளிர்விட்டும் போனது. ஒரு பிஸ்கட்டில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஒன்று, அது ஒற்றையாக இருக்கக் கூடாது என்று இன்னொன்று. பெல்ட் மட்டும் நான்காம் துளையைத் தாண்டி உள்ளே போக மாட்டேன் என்றது. எண் சொல்வதை நம்பிப் பழகிய மனுஷன், இடுப்பு சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முப்பத்திரண்டாம் வாரம் கட்டி எண்பத்து மூன்றேமுக்காலில் நின்றது. தங்கை கதவில் அதை எழுதினாள். எழுதிய எண்மேலேயே மறுபடி மறுபடி சாக்கட்டியை ஓட்டியதை அவர் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். நர்ஸ் போனிலேயே தேதி சொன்னார். வரும் செவ்வாய் அண்ணன் தங்கை இருவரும் வந்து சேர வேண்டும், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மனைவி இரண்டு பைகளில் துணி அடுக்கினாள். தையல்காரர் அவருடைய கால்சட்டைகளை இலவசமாகப் பிடித்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனார், பிடிக்க எதிர்பார்த்த அளவுக்குத் துணி இல்லையே என்று முனகினார்.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் மாடி வார்டில் தங்கையைப் படுக்கவைத்துவிட்டு, நர்ஸ் இவரை மின்சாரத் தராசில் ஏறச் சொன்னார். சிவப்பு எண் ஓடி ஓடி நின்றது. தொண்ணூறு.

"மறுபடி ஏறுங்க" என்றார் நர்ஸ். மறுபடியும் தொண்ணூறு. ஷூவைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து வைத்தார். எண்பத்தொன்பதே முக்கால்.

"உங்க மெஷின் தப்பு சிஸ்டர்."

"போன வாரந்தாங்க சரி பாத்துட்டுப் போனாங்க."

"யாரு பாத்தா? நான் பாக்கலயே" என்றார். அவ்வளவு அமைதியான மனுஷன் குரலை உயர்த்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. "ரெண்டு மணி நேரம் குடுங்க. யாரு தப்புன்னு காட்டறேன்."

கடைக்கு ஓடினார். முத்திரை குத்திய நான்கு கற்களையும் ஒரு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் லிப்ட்டுக்கு நீள வரிசை. காத்திருக்கப் பொறுமையில்லை. கைக்கு ஒன்றாக நாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். இறங்கிப் போய் மறுபடி நாற்பதைத் தூக்கி வந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் தெருமுனைக்கே விசில் அடித்த நெஞ்சு. அவருக்கு அது நினைவில்கூட இல்லை. டாக்டரம்மாவும் வந்து நின்றார். ஒரு கல்லை வைத்தார். இருபது. இரண்டாவது, நாற்பது. மூன்றாவது, அறுபது. நான்காவதை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

எண்பது. புள்ளி பூஜ்யம்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா அவர் தோளில் கை வைத்தார். "பதிமூணு கிலோ குறைச்சதே பெரிய விஷயம். இன்னும் ஆறுதான்" என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை மேசை இன்னொரு குடும்பத்துக்குப் போய்விட்டது. அடுத்த தேதி பத்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. அடுக்கிய இரண்டு பைகளும் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பின.

வந்ததும் அவர் சட்டைகூட மாற்றாமல் கற்களை முன்னறைத் தராசில் ஏற்றினார். எண்பது கிலோ ஏறிய மேடை, எழுபத்து நான்கரையில் சமநிலைக்கு வந்து நின்றது. கற்களை இறக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தார், அதே எழுபத்து நான்கரை. பிறகு கட்டியைத் திருப்பிச் சீலைப் பார்த்தார். வில்லை முழுசாக இருந்தது. கம்பி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. அவர் போட்ட சீல் என்றால் முறுக்கு வலப்பக்கம் போகும். இடக்கைக்காரி அந்தக் கடையில் ஒருத்திதான். எட்டு மாதமாக ஞாயிறுதோறும் கண்ணெதிரே தொங்கிய கம்பி, சீல் முழுசா என்று மட்டும் பார்த்தாரே தவிர முறுக்கைப் பார்க்கவில்லை.

மூடியைத் திறந்தார். கூடுதலாக ஆறு ஈய மணிகள் இருந்தன, கட்டியைக் கனமாக்கி மணிக்கு ஒரு கிலோ போல எடையைக் குறைத்துக் காட்ட. உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். தங்கை கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மணிகளைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்ப இருந்து?"

"நீ அந்தத் தட்டு மேல உக்காந்து அழுதியே, அந்த வாரம்."

"ஏன் பாப்பா?"

"எனக்காக யாரும் அப்படி அழுது நான் பாத்ததில்லண்ணா. நீ நடக்கறத விட்டுட்டே. ஒரே ஒரு மணிதான் போட்டேன். நீ ஒரு தடவ சிரிச்சா மறுபடி நடப்பே, நெஜமா குறைஞ்சதும் எடுத்துடலாம்னு நெனச்சேன்."

"எடுக்கலயே."

"எப்படி எடுக்கறது? எடுத்தா நீ ஒரு கிலோ ஏறின மாதிரி காட்டுமே. அதுக்கு நீ இன்னும் அழுவே." அவள் போர்வை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அப்பறம் மறுபடி நின்னுச்சு. மறுபடி ஒண்ணு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்த வாரம் சொல்லிடணும்னுதான் எந்திரிப்பேன். நீ எண்ணப் பாத்துட்டு என்னப் பாத்துச் சிரிப்பே. வாய் வராது. தேதி சொன்னப்ப, அங்க ஒரு ரெண்டு கிலோ கூட இருந்தா பாத்தும் பாக்காம விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். ஆறுன்னு நான் நெனைக்கல."

அவர் அந்த இடத்தில் அவளை அணைத்துக்கொண்டிருக்கலாம். சாகக் கிடக்கிறவள் தன் தேதியைவிட அண்ணன் சிரிப்பைப் பெரிதாக நினைத்திருக்கிறாள், அதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? ஆனால் அவருக்கு அன்று தெரிந்ததெல்லாம் கைவிட்டுப் போன தேதி ஒன்றுதான்.

"ஊருக்கெல்லாம் சரியாப் பாத்துக் குடுத்தோம்" என்றார். "பதினாறு வருஷம். ஏமாத்தறதுக்கு உனக்கு நான்தான் கெடச்சேனா?"

மணிகளைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை.

ஒன்பது நாள். ஒரே வீடு, ஒரே கூரை. அவள் "சாப்ட்டியாண்ணா?" என்பாள்; இவர் செருப்பைத் தேடுவார். மனைவி நடுவில் நின்று, "எத்தன நாளைக்குங்க இந்த மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறது? பாவம், சோறே எறங்கல அவளுக்கு" என்று மன்றாடினாள். அவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் நடந்தார். காலையில் மைதானம், சாயங்காலம் மைதானம், மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு ஊர் மேல்நிலை நீர்த்தொட்டியின் படிகள். பிஸ்கட் டப்பா குப்பைக்குப் போனது. யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை, யாரும் கை தட்ட வேண்டியிருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பூமியை மிதித்துப் பள்ளம் பண்ணுகிற மாதிரி நடந்தார். சரிசெய்த தராசில் ஒன்பதாம் நாள் ஏறினார். எண்பத்தெட்டு. எட்டு மாதத்தில் இல்லாத வேகம்.

பத்தாம் நாள் காலை நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்குக் கோபம் விட்டுப்போயிற்று. எந்தச் சுற்றில் விட்டது என்று அவருக்கே தெரியாது. தராசைச் சரி செய்தாரே தவிரச் சீல் போடாமல் திறந்தே வைத்திருந்தார். வீட்டுக்குப் போய்க் குறடை எடுத்து அவள் கையில் கொடுத்து, "நீயே போடு" என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வேறெதுவும் சொல்ல வேண்டாம், அவளுக்குப் புரியும். நாலு சுற்று மிச்சம் வைத்துவிட்டுத் திரும்பினார்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னார். விடிந்ததும் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. அண்ணியும் தையல்காரரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போகும்போது, "அண்ணன் வந்துடட்டும் அண்ணி, ஒரு பத்து நிமிஷம்" என்று கேட்டிருக்கிறாள். காத்திருக்கிற நிலைமை இல்லை. இவர் போன் வீட்டில் மேஜைமேல் அடித்துக்கொண்டு கிடந்தது.

டயாலிசிஸ் குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். இவர் போய்ச் சேர்ந்தபோது தொண்டையில் குழாய் போட்டு மயக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒரு சமயத்தில் ஒருவர், ஐந்து நிமிடம் என்று கணக்கு. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் குனிந்து அவள் காதில், "எண்பத்தெட்டு, பாப்பா. இது நெஜம். இன்னும் நாலுதான்" என்றார். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. நான்கு நாள் இப்படி ஐந்தைந்து நிமிடமாகப் போனது. ஐந்தாம் நாள் மதியம் அதுவும் போயிற்று.

அதன் பிறகு அவர் ஒரு நாளும் நடக்கவில்லை. மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தட்டில் போட்டது போட்டபடி காய்ந்தது. பொரித்ததைக் கொண்டுவந்து வைத்துக்கூட மனைவி கெஞ்சிப் பார்த்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். தினம் நாலு சுற்று, இனிப்புக்கு விலக்கு, நேரத்துக்குத் தூக்கம் என்று உடம்பைக் குறைக்க ஆயிரம் வழி சொல்கிறார்கள். இந்த வழியை ஒருத்தரும் சொல்வதில்லை. எல்லாவற்றிலும் வேகமானது இதுதான். பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட வேண்டியிருந்தது. தையல்காரர் போட்டுக் கொடுத்தார். அவர் அப்போது கேலி எதுவும் பேசவில்லை.

பத்து வாரம் கழித்து என்று குறித்த அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"இப்ப எதுக்குங்க அங்க?" என்று மனைவி கதவை மறித்தாள்.

"வரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

அவள் கதவை விட்டு விலகி, தானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

நர்ஸ் அவரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எல்லாம் தெரிந்தவர்தான், அந்த நான்கு நாளும் தினம் மேலே வந்து எட்டிப் பார்த்தவர். எடை பார்க்க வேண்டும் என்று இவர் சொன்னார். ஏன் என்று நர்ஸ் கேட்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். சிவப்பு எண் கண்ணெதிரே நின்றாலும் யாராவது வாயால் சொல்லக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"எவ்வளவு சிஸ்டர்?"

"எண்பத்து மூணு."

"எழுதிக்கங்க."

"அந்த ஃபைல மூடிட்டோம்ங்க."

"இருக்கட்டும். எழுதுங்க."

நர்ஸ் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தேதி போட்டு எண்ணை எழுதினார். கொடுப்பவர் அண்ணன், பெறுபவர் தங்கை என்றும் எழுதினார். இவர் இன்னும் தராசிலிருந்து இறங்கவில்லை.

"ஒம்பது நாள் அவகூடப் பேசல சிஸ்டர். அந்த ஒம்பது நாள் நடந்த மாதிரி நான் என்னைக்கும் நடந்ததில்ல. எல்லாத்துக்கும் அவதான் என்னை எழுப்பி விடணும். அந்த ஒம்பது நாள் மட்டும் நானா எந்திரிச்சேன்."

"யாருக்காக நடந்தீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதாங்க?" என்றார் நர்ஸ்.

"தெரியாது" என்றார். "கோவத்துல நடக்கறேன்னுதான் நெனச்சிருப்பா."

மனைவி வந்து கையைப் பிடித்து அவரை இறக்கினாள்.